உப்பள முக்கில் எரிந்த விளக்கு

"ஆத்தா… ஒன் மருமககிட்ட கேளு! நாளைக்குக் கோர்ட்டுல என்ன சொல்லணும்னு மனப்பாடம் ஆயிருச்சா இல்லையான்னு…"

கூடத்தில் உட்கார்ந்து தமிழ்செல்வன் சொன்னது, அடுப்படியில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மணிமேகலைக்கு நன்றாகவே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவன் சொன்னான். கத்தாரிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாளில் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து அவன் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சோறு, தண்ணீர், துண்டு, சோப்பு எல்லாம் ஆத்தா மூலமாகத்தான். எட்டடி தூரத்தில் நிற்கிறவளுக்கு ஒரு தூதர் தேவைப்பட்டது!

அவன் தாய் மருதாயிக்கு இந்தத் தூது வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஏண்டா, அவளுக்குக் காது இல்லையா? ஒனக்கு வாயில்லையா? என்னைய எதுக்குடா நடுவுல போட்டு இழுக்குற?"

"அவகூட பேச எனக்கு என்ன இருக்கு? தெரியாம லைட்ட மாத்திப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எட்டு மாசமா அதே பொய்ய சொல்லிக்கிட்டு இருக்கா…"

மணிமேகலையின் கை நின்றது. பொய்! பதினெட்டு வருடத்துக் குடித்தனத்தில் அவள் கேட்காத வசவில்லை. ஆனால் பொய்க்காரி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. மகள் காவ்யா திருச்சி ஹாஸ்டலிலிருந்து போன் செய்யும்போதுகூட, "அம்மா, உண்மையிலேயே நாலு லைட்டையும் போட்டியாம்மா?" என்று கேட்கிறாள். பெற்ற மகளே கேட்கிறாள்!

நடந்தது இதுதான். மாசி மாதம் ஒரு காலையில் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு மணிமேகலை காரில் போனாள். மெயின் ரோட்டில், மீமிசலுக்குப் பக்கத்தில், உப்பள முக்கு என்று ஒரு நாலுரோடு இருக்கிறது. சிக்னலும் கிடையாது, போலீஸும் கிடையாது. ஒரு டீக்கடை மட்டும் உண்டு. கடற்கரையிலிருந்து வரும் இடது கை ரோட்டில், வண்டியின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சார்லஸ் என்ற வியாபாரி வந்தான். வருகிற கார் தன் ரோட்டுக்குள் திரும்பப்போகிறது என்று நினைத்து மெயின் ரோட்டில் ஏறிக் குறுக்கே கடந்தான். கார் திரும்பவில்லை. நேராக வந்து, அவன் ஏறக்குறைய கடந்துவிட்ட நேரத்தில், வலது மூலையால் அவனை இடித்துத் தள்ளியது. தொடை எலும்பு மூன்று துண்டு. ரோடெல்லாம் ஐஸும் மீனும்.

"காரோட எடது லைட்டு மின்னுச்சு, அதான் போனேன்" என்றான் சார்லஸ். டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். "நான் நாலு லைட்டையும் சேத்துத்தான் போட்டேன்" என்றாள் மணிமேகலை. அதை ஒருவரும் நம்பவில்லை.

நம் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நாலுரோட்டில் நேராகப் போவதென்றால் நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து மின்னவிட்டுப் போவார்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லோரும் செய்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது, அவ்வளவுதான். மணிமேகலைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் தமிழ்செல்வன். கத்தாரில் பதினைந்து வருடமாக டிரைவர் வேலை பார்க்கிறவன், லீவில் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அதனால்தான் அவனுக்கு இவ்வளவு ஆத்திரம். சொன்னபடி செய்திருந்தால் விபத்தே நடந்திருக்காது, செய்யாமலே செய்தேன் என்று சாதிக்கிறாள் என்பது அவன் கட்சி.

இப்போது சார்லஸ் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்திருக்கிறது. நாளைக்கு மணிமேகலை கூண்டில் ஏற வேண்டும். இன்சூரன்ஸ் வக்கீல் ரெங்கராஜ் போனிலேயே பாடம் நடத்திவிட்டார். லைட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பைக் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து தானே காரில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பாதித் தப்பு சார்லஸ் தலையில் விழும், அவனுக்குக் கிடைப்பதும் பாதியாகக் குறையும். போலீஸ் கேஸிலும் மணிமேகலை தப்பிக்கலாம்.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அந்தப் புள்ள வேகமா வரலங்க. மீன் பெட்டியோட மெதுவாத்தான் வந்துச்சு. நான் எப்படிங்க மாத்திச் சொல்லுவேன்?"

தமிழ்செல்வன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஓஹோ… வீட்டுல பொய், கோர்ட்டுல மட்டும் உண்மையா? நல்லா இருக்குடி!"

மணிமேகலை ஓரத்தில் நின்ற கொழுந்தன் அரவிந்த்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்கு எட்டு வயது. தலைக்கு எண்ணெய் வைத்து, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தவள் அவள். பாலிடெக்னிக் சேரும்போது அண்ணனிடமிருந்து பணம் வரத் தாமதமாகி, தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான். 'நீயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசேன் தம்பி' என்று அந்தப் பார்வை கேட்டது. அரவிந்த்குமார் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அவனும் நம்பவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

இனி ஒரே ஒரு ஆள் பாக்கி. இந்த எட்டு மாதத்தில் அவள் நேரில் ஒரு வார்த்தை கேட்காத ஆள். விழுந்தவன் அந்த விளக்கை என்னவென்று பார்த்தான்? பத்து மணிக்கு, "கடைக்குப் போய்ட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், கடைப் பக்கம் திரும்பாமல் ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் ஏறினாள்.

ஐஸ் பிளாண்டைத் தாண்டி, வலை காயப்போட்டிருந்த சந்தில் நாலாவது வீடு. வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள், சார்லஸின் தாய், வந்தது யாரென்று தெரிந்ததும் எழுந்து நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க? இன்னொரு கால் இருக்கே, அதையும் பாத்துட்டுப் போகலாம்னா?"

"அம்மா… ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றேன்…"

"பெரியவன் கடலுக்குப் போனான். சிலோன் நேவிக்காரங்க புடிச்சிட்டுப் போயி நாலு மாசம் ஜெயில்ல வச்சிருந்து அனுப்புனாங்க. சின்னவனாவது தரையில பொழைக்கட்டும்னு வண்டி வாங்கிக் குடுத்தேன். கடலுக்குப் பயந்து ரோட்டுல விட்டேன்… ரோட்டுல ஒங்க கார் வந்துருச்சே தாயி! நான் இனி எம்புள்ளைய எங்கிட்டு அனுப்புறது?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கடைசிக் கேள்வியை அவள் நிஜமாகவே கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள். மணிமேகலை அங்கேயே மடங்கி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள விடும்மா…" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

சார்லஸ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுகூட இராது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் நசுங்கிய மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மாத்திரைகளையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்திருந்தார்கள்.

"எங்க வக்கீல் ஒங்ககூட பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா. சீக்கிரம் கேட்டுட்டுப் போயிருங்க."

"தம்பி… நீ பாத்த லைட்டு… நல்லா ஞாபகம் இருக்கா? எடது மட்டும்தான் எரிஞ்சுதா?"

அவன் வறண்ட சிரிப்புச் சிரித்தான். "நீங்களும் என்னைய பொய்யன்னு சொல்லத்தான் வந்தீங்களா? ஒங்க இன்சூரன்ஸ் ஆளுங்க மூணு தடவ சொல்லிட்டாங்க. நாலும் எரிஞ்சிருந்தா எனக்குத் தெரியாதாக்கா? நானும் நாலுரோட்ட பாத்து வண்டி ஓட்டுறவன்தான். நாலும் மின்னுனா நேரா போற வண்டி. நின்னுருப்பேன். எனக்கு எதுக்க வந்த காருக்கு, இந்தா… இந்தப் பக்கம் மட்டும்தான் மின்னுச்சு. வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம்!"

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் முகத்துக்கு இருபுறமும் காரின் கண்கள்போல் தூக்கிக் காட்டினான். ஒரு கை விரல்கள் விரிந்து விரிந்து மூடின. மற்றது இறுக மூடியபடியே இருந்தது.

மணிமேகலை அந்த மூடிய கையையே பார்த்தாள். இவன் பொய் சொல்லவில்லை. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளும் பொய் சொல்லவில்லை. சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தியது அவள் விரல். அப்படியானால் அந்த இன்னொரு பக்கம் ஏன் எரியவில்லை?

அப்போதுதான் அந்தக் காலை அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. உப்பள முக்குக்கு முன்னால், ஊர் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏற வலது பக்கம் திரும்பியபோது, இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக, படபடவென்று அடித்தது. "என்னடி இது, இம்புட்டு வேகமா அடிக்குது?" என்று மாமியார் கேட்டாள். "வண்டிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போற அவசரம் போல அத்தை" என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"தம்பி, நீ சொன்னது சத்தியம்" என்றாள் எழுந்து. "நான் சொன்னதும் சத்தியம். நாளைக்குக் கோர்ட்டுல பாப்போம்."

சார்லஸ் ஒன்றும் புரியாமல் பார்த்தான். ஆரோக்கியம்மாள் வழியை விட்டு விலகி நின்றாள்.

திரும்பும் வழியில் மீமிசலில் இறங்கி, தங்கள் காரைப் பழுது பார்த்த ஆண்டியப்பனின் ஒர்க் ஷாப்புக்குப் போனாள். அவர் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அவருடைய காலைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணே, இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிச்சா என்ன அர்த்தம்?"

"அந்தப் பக்கத்துல ஒரு பல்பு போயிருச்சுன்னு அர்த்தம்மா."

"முன்பக்கம் வலது பல்பு போயிருந்து, நான் நாலையும் சேத்துப் போட்டா?"

வேனுக்கு அடியிலிருந்து ஆண்டியப்பனின் தலை வெளியே வந்தது. "எதுக்க வர்றவனுக்கு எடது மட்டும்தான் மின்னும். உள்ள ஒங்களுக்கு வேகம் காட்டுற முள்ளுக்குப் பக்கத்துல ரெண்டு அம்பும் நல்லா மின்னும். ஓட்டுறவங்களுக்குத் தெரியவே தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒங்க வண்டி வந்தப்ப வலது மூலையே நொறுங்கிக் கெடந்துச்சு. பல்பு முன்னாடியே போச்சா, இடிச்சதுல போச்சான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அதைச் சொல்லக்கூடியவர் யார் என்பது மணிமேகலைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. விபத்துக்கு முதல் நாள் கார் வீட்டில் இல்லை.

மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளே நுழைந்தாள். வீட்டில் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பழக்கமில்லாத தமிழ்செல்வன் குழம்பை இலையெல்லாம் ஓடவிட்டிருந்தான்.

"கடைக்குப் போனவ எங்க போன? பஸ்ஸுல ஜெகதாப்பட்டினம் போனதா ஆள் சொல்றான்! கேஸ் போட்டவன் வீட்டுக்குப் போயி…"

"அத்தை" என்றாள் மணிமேகலை. கணவனுக்குப் பதில் சொல்லாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கு மெயின் ரோட்டுல ஏறயில வண்டி என்ன சத்தம் போட்டுச்சு? ஞாபகம் இருக்கா?"

மருதாயி சோற்றுக் கையோடு யோசித்தாள். "ஆமா… கோழி கொத்துற மாதிரி டிக்டிக்டிக்குன்னு அடிச்சுச்சு. நான்கூட கேட்டேனே. வண்டிக்கும் அவசரம்னு சொன்னியே!"

"பல்பு போனாத்தான் அப்படி அடிக்குமாம். வலது பல்பு அன்னிக்குக் காலையில எரியல. நான் நாலையும் போட்டேன், மூணுதான் எரிஞ்சிருக்கு. எதுக்க நின்னவனுக்கு எடது மட்டும்தான் தெரிஞ்சிருக்கு." அவள் மெல்லத் திரும்பினாள். "தம்பி… முதல் நாள் விராலிமலைக்குக் காரை எடுத்துட்டுப் போனது நீதானே? வண்டியோட மூஞ்சிய சொவத்தோட ஒட்டி, முன்பக்கம் யாரும் பாக்க முடியாதபடி விட்டிருந்தியே… ஏன்ப்பா?"

அரவிந்த்குமாரின் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது.

"சொல்லுடா!" என்றான் தமிழ்செல்வன்.

"அண்ணி… பிரண்டு வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துல வண்டிய விடயில கல்தூண்ல லேசா தட்டிருச்சு. கண்ணாடி ஒடையல, கீறல்கூட இல்ல… லைட்டு மட்டும் எரியல. அண்ணனுக்குத் தெரிஞ்சா இனி வண்டியத் தொட விடாதுன்னு பயந்துட்டேன். மறுநாள் மாத்திரலாம், பகல்ல லைட்டு எதுக்குன்னு… தூங்கிட்டேன் அண்ணி. எந்திரிச்சுப் பாத்தா வண்டி இல்ல. அப்புறம் போன் வந்துச்சு…"

"எட்டு மாசமாடா!" என்று அலறினாள் மருதாயி. "அவள ஊரே பொய்க்காரின்னு சொல்லயில கேட்டுக்கிட்டு நின்னியேடா! அவ கையால தின்ன சோறுடா ஒடம்பு பூரா!"

தமிழ்செல்வன் எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கையை ஓங்கினான். அரவிந்த்குமார் தடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான்.

"விடுங்க அவன!"

மணிமேகலையின் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உரக்க ஒலித்ததில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அவன அடிச்சா முடிஞ்சிருமா? நான் ஒங்கள ஒன்னு கேக்குறேன். கத்தார்ல நீங்க நாலுரோட்டுல நேரா போறதுக்கு நாலு லைட்டையும் போடுவீங்களா?"

"அது… அது வேற…"

"போடுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "அங்க வண்டி நின்னு போச்சுன்னாதான் போடணும். ஓடுற வண்டியில போட்டா கம்பெனியில சீட்டக் கிழிச்சுருவான்."

"பின்ன எனக்கு ஏங்க அப்படிச் சொல்லிக்குடுத்தீங்க?"

"நம்ம ஊருல எல்லாரும்…"

பதினைந்து வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். அங்கே செய்யாததை இங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறான், அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் அதைச் செய்திருக்கிறாள். ஒன்றும் போடாமல் வந்திருந்தால் சார்லஸ் நின்றிருப்பான். புருஷன் பேச்சை அவள் கேட்டதால்தான் சார்லஸின் கால் முறிந்தது!

"நான் ஒங்க சொல்ல மீறலங்க…" அவளுக்கு இப்போதுதான் அழுகை உடைந்து வந்தது. "அன்னிக்கும் மீறல… என்னிக்கும் மீறல. போன்ல நீங்க ஒவ்வொரு தடவையும் பொய்க்காரின்னு சொல்லயில, ஒருவேள நம்மதான் மாத்திப் போட்டுட்டமோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என் விரலையே நான் நம்பாமப் போயிட்டேனேங்க… ஸ்டீரிங்கப் புடிக்கவே பயந்து, அத்தைய பஸ்ஸுல கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். ஒருத்தர்… ஒரே ஒருத்தர், 'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லியிருந்தா போதுமே!"

தமிழ்செல்வன் தம்பியின் சட்டையை விட்டான். சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். மருதாயிதான் எச்சில் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். சேலையெல்லாம் குழம்பானது.

மறுநாள் கோர்ட்டில் ரெங்கராஜ் வக்கீலின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. தன் பக்கத்துச் சாட்சி தன் கட்சியையே கவிழ்ப்பதை யார்தான் விரும்புவார்கள்?

"வேகமா வரலைங்கய்யா. மீன் பெட்டியோட மெதுவாத்தான் வந்தாரு" என்றாள் மணிமேகலை கூண்டில் நின்று. "அவரு எடது லைட்டு எரிஞ்சுதுன்னு சொன்னது உண்மை. நான் நாலையும் போட்டதும் உண்மை. வலது பல்பு முன்னாடியே போயிருந்துச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி சுத்தி வந்து பாத்திருக்கணும், நான் பாக்கல. ஓட்டுனது நான்தான்."

"அம்மா, இதையெல்லாம் இத்தன நாளா யாரும் சொல்லலையே! யார் சொல்லிக்குடுத்து இன்னிக்குச் சொல்றீங்க?" என்று ரெங்கராஜ் பாய்ந்தார்.

"நான் சொல்றேங்கய்யா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அரவிந்த்குமார் எழுந்து நின்றான். கூண்டில் ஏறி, கல்தூணிலிருந்து ஆரம்பித்துச் சுவரோடு ஒட்டி வண்டியை விட்டது வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவனுக்குப் பின்னால் தமிழ்செல்வன் ஏறினான். கார் அவன் பெயரில்தான் இருந்தது.

"நாலு லைட்டையும் போடச் சொல்லிக்குடுத்தது நான்தாங்கய்யா. அது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லிக்குடுத்தேன். எம் பொண்டாட்டி பொய் சொல்லல."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, சார்லஸ் பக்கம் பார்த்தார். சார்லஸ் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான்.

"அந்த அக்கா பொய் சொல்றாங்கன்னு நான் எட்டு மாசம் சாபம் விட்டுக்கிட்டு இருந்தேங்கய்யா" என்றான். "பொய் சொல்லல. எங்க ரெண்டு பேர்ல யாருமே பொய் சொல்லல."

மணிமேகலை கூண்டுக்கு வெளியே, பெஞ்சில் இருந்தாள். எட்டு மாதமாக அவள் ஏங்கிய அந்த வார்த்தையை, அவள் கார் இடித்துப் போட்ட ஆள் சொன்னான். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. ஓடுகிற வண்டியில் நாலு விளக்கையும் போடுவது நேராகப் போகிறேன் என்பதற்கான சைகை அல்ல, ஊரே செய்தாலும் தப்புத் தப்புதான், எரியாத விளக்கோடு வண்டியை ரோட்டில் இறக்கியதும் கார்க்காரர் பொறுப்புதான் என்று நீதிபதி சொன்னார். மெயின் ரோட்டில் ஏறுகிறவர் விளக்கை மட்டும் நம்பாமல் கார் திரும்புகிறதா என்று நின்று பார்த்திருக்க வேண்டும் என்று பத்தில் ஒரு பங்கை சார்லஸ் பேரில் வைத்தார். மற்ற ஒன்பது பங்கும் கார்க்காரர் மேல், அதை இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும். சார்லஸ் தலையாட்டி ஏற்றுக்கொண்டான். போலீஸ் கேஸ் தனியாக நடக்கிறது. அதிலும் இதையேதான் சொல்லப்போவதாக மணிமேகலை சொல்லிவிட்டாள். அரவிந்த்குமார், சாட்சி சொன்ன மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலை சார்லஸின் வண்டியில் மீன் பெட்டி ஏற்றி, சார்லஸின் வாடிக்கை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சார்லஸ் கால் ஊன்றும்வரை என்று பேச்சு. யாரும் சொல்லாமல் அவனே போய் ஆரோக்கியம்மாளிடம் நின்றானாம். முதல் நான்கு நாள் அவள் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் டீ கொடுத்தாள்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் ஆரோக்கியம்மாள் மணிமேகலையிடம் வந்தாள். "ஒங்க வீட்டுப் புள்ள மீனு நிறுக்கயில ஏமாந்து போகுது தாயி, கொஞ்சம் சொல்லி வையுங்க" என்றாள் ஆரோக்கியம்மாள். மணிமேகலைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தமிழ்செல்வன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சாவியை அவளிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு."

"வேணாங்க… எனக்குப் பயமா இருக்கு."

"ஒனக்கு ஒன்னும் பயம் வேணாம் மணி. நீ சரியாத்தான் ஓட்டுவ." அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னான். நடுவில் ஆத்தா இல்லை.

அவள் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். நாலு விளக்கையும் போட்டுவிட்டு இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் எரிந்தன. அணைத்தாள். வண்டியை எடுத்தாள்.

காலையில் பெய்த மழையில் ரோடு ஈரமாகக் கிடந்தது. உப்பள முக்கு தூரத்தில் தெரிந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். அப்போது தமிழ்செல்வனின் கை, அவனையறியாமலே, பழக்க தோஷத்தில், அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை நோக்கிப் போனது.

பாதியில் அவனுக்கே தெரிந்துவிட்டது. கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவன் அழ ஆரம்பித்தான். பதினெட்டு வருடத்தில் அவள் பார்க்காத அழுகை.

"என்னைய மன்னிச்சுரு மணி… மன்னிச்சுரு…"

மணிமேகலை காரை முக்குக்கு முன்னாலேயே ஓரங்கட்டி நிறுத்தினாள். அந்தரத்தில் நின்ற கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் போடுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வண்டி நிக்குதுல்ல?"

அவன் மற்றக் கையால் பொத்தானை அழுத்தினான். நாலு விளக்கும் எரிந்தன. அவன் அழுது முடிக்கும்வரை அவள் அவசரப்படவில்லை. பிறகு விளக்கை அணைத்து, இடமும் வலமும் பார்த்து, நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.